ஒன்பது அங்குலமா, பன்னிரண்டு அங்குலமா

1. பதினொரு கேள்விகள்

சிவசைலம் சார் வீட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே ஒரு கிராஃப் தாளை என்னிடம் நீட்டினார்.

"ஏய்யா முருகேசன், இதப் பாரும். மேல மூணு கை. பக்கத்துல பதினோரு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் பத்துக்கு மார்க். மொத்தத்துல எது கூட வருதோ, அதுதான் நம்ம கை. சம்மதமா?"

கை என்று எங்கள் தொழிலில் சொல்வது டோன் ஆர்மை. ரெக்கார்ட் பிளேயரில் ஊசியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தட்டின் விளிம்பிலிருந்து நடுவுக்கு நகர்கிறதே, அந்தக் குழாய். தட்டு வெறுமனே சுற்றுகிறது. ஊசி வெறுமனே உரசுகிறது. நடுவில் இருக்கிற கைதான் எதையும் செய்யாமல் இருக்கப் பழக வேண்டியது. தானாக ஆடக் கூடாது, அழுத்தக் கூடாது, இழுக்கக் கூடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத்தான் அத்தனை விலை. நல்ல கை ஒன்றின் விலையில் புது ஸ்கூட்டர் வாங்கலாம். வாங்குகிறவர்களும் ஸ்கூட்டர் வாங்குகிறவர்களை விட அதிகமாக யோசிப்பார்கள்.

நான் செங்கல்பட்டில் டேப் ரெக்கார்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். டேப் போய், சிடி போய், எல்லாம் போனுக்குள் போன பிறகு, எதிர்பாராத திசையிலிருந்து ரெக்கார்ட் பிளேயர்கள் திரும்பி வந்தன. பழைய பெட்டிகளைத் தூசி தட்டி, தெரிந்ததைப் படித்து, தெரியாததைக் கெடுத்துக் கற்றுக்கொண்டு, டர்ன்டேபிள் பொருத்துகிறவன் ஆனேன். பெங்களூரில் ஒரு கடைக்காரர் என்னை நம்பிக் கைகளைப் பார்வைக்கு அனுப்புவார். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வருவேன். வளைவில் பஸ் ஒரு பக்கம் சாய்ந்தால் நான் மறு பக்கம் சாய வேண்டும். அதைப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. உப்புக் காற்று முகத்தில் அடித்ததும் புதுப்பட்டினம் வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே எழுந்துவிடுவேன். அந்த நாட்களின் பஸ் டிக்கெட்டுகள் இன்னமும் என் ஸ்குரூடிரைவர் டப்பாவில் கிடக்கின்றன. எறிய மனம் வருவதில்லை.

சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்பாக்கம் வேலைக்கு வந்து, ஓய்வு பெற்று, புதுப்பட்டினத்திலேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். வேலைக் காலம் முழுக்க மீட்டர்களைச் சரிபார்த்தவர். எந்த மீட்டர் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. அவர் மனைவி ராஜம் அம்மா கல்யாணத்துக்கு முன் பாளையங்கோட்டையில் டீச்சர். அலமாரியில் இருந்த ரெக்கார்டுகளில் முக்கால்வாசி அம்மா அந்தச் சம்பளத்தில் வாங்கியவை. உறைகளின் மூலையில் நீல மையில் அவர் பெயர் இருந்தது, கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு. ஆனால் பிளேயரைத் தொடுகிறவர் சார் மட்டும்தான். ஸ்பீக்கர்களுக்கு நடுவில் போட்டிருந்த ஒரே நாற்காலியும் அவருடையது.

2. பக்கத்தில் வந்து உட்கார்ந்த வயலின்

மூன்று கைகள் கொண்டுபோயிருந்தேன். முதலாவது, ஒரே ஒரு முள்முனையின் மேல் எண்ணெயில் நின்று ஆடுகிற வகை. அந்த வீட்டின் ஜன்னலைத் திறந்தால் திரைச்சீலை பாய்மரமாகும். கை நடுங்கிற்று. சார் பதினொரு கேள்விக்கும் பூஜ்யம் போட்டார்.

மிச்சம் இரண்டு. ஒன்று ஒன்பது அங்குலம், எடை குறைவு. மற்றது பன்னிரண்டு அங்குலம், கொக்கின் கழுத்து மாதிரி நீண்டு, கனமாக இருந்தது. நீளமான கைக்கு ஒரு நன்மை உண்டு. ஊசி கோணல் குறைவாக ஓடும், தட்டின் நடுப்பகுதிப் பாட்டும் சுத்தமாக இருக்கும். ஆனால் சாரின் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி இருக்கிற சின்ன டப்பா, மெத்தென்ற ஸ்பிரிங் கொண்டது. மெத்தையின் மேல் கனமான ஆள் உட்கார்ந்தால் எப்படி? கொஞ்சம் நெளிந்த தட்டு வந்தாலே ஊஞ்சலாடும். கடலோர வீடுகளில் நெளியாத தட்டு கிடையாது. நான் இதைச் சொன்னதும் சார் கால்குலேட்டரை எடுத்து, எந்தக் கை நொடிக்கு எத்தனை தடவை ஆடும் என்று அவரே போட்டுப் பார்த்தார்.

"சின்ன கைக்கு எட்டரை ஹெர்ட்ஸ். பெரிசுக்கு ஏழு கூட வரல. எட்டாச்சும் இருக்கணும், இல்லையா?"

"ஆமா சார். எட்டுக்குக் கீழ போனா ஆட்டம் எடுக்கும்."

"சரி. கணக்கு ஒண்ணு சொல்லுது. காது என்ன சொல்லுதுன்னு பாப்போம். தீர்ப்பு காதுக்குத்தான்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவரை முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டு, எந்தக் கை என்று சொல்லாமல் ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போடுவோம். விலையைப் பார்த்து காது மயங்காமல் இருப்பதற்காக. ராஜம் அம்மாவின் கச்சேரித் தட்டு ஒன்றை எடுத்தார் சார். பழைய ஸ்டீரியோ. வயலின் முழுக்க இடது ஸ்பீக்கரில், மிருதங்கம் முழுக்க வலதில், பாட்டு நடுவில்.

முதலில் ஒன்பது அங்குலம்.

"வாய் தொறக்கல. கொஞ்சம் ஏத்தும்" என்றார்.

கையின் பின்பக்கத்தைத் துளி உயர்த்தினால் கூர்மையான ஓசைகள் எடுப்பாகும். உயர்த்தினேன். இன்னும் என்றார். இன்னும் உயர்த்தினேன். அம்மா ஹாலிலிருந்து எழுந்து சமையலறைக்குப் போனார். பாட்டில் ஆர்வமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நான் செய்த முதல் தப்பு அது.

பிறகு பன்னிரண்டு அங்குலத்துக்கு மாற்றினேன். கையின் நுனியில் முடி போன்ற நான்கு கம்பிகள் வரும், நான்கு நிறத்தில். அவற்றைக் குறடால் பிடித்துக் கார்ட்ரிட்ஜில் செருக வேண்டும். அவசரத்தில் வெள்ளைக் கம்பி சரியாக உட்காரவில்லை. ஊசியை இறக்கினேன். இடது ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. வயலின் இல்லை. மிருதங்கமும் பாட்டும் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன.

எடுப்பதற்குக் கை நீட்டினேன். சார் முதுகைக் காட்டியபடியே கையை உயர்த்தினார்.

"தொடாதீரும்! இதுதான்யா! இப்பதான்யா வயலின் பக்கத்துல வந்து உக்காந்துருக்கு!"

வலது கையால் தாளம் போட்டுக்கொண்டு, இல்லாத வயலினோடு சேர்ந்து முனகினார். அத்தனை துல்லியமாக முனகினார். வயலின் எங்கே இழுக்குமோ அங்கே இழுத்து, எங்கே நிற்குமோ அங்கே நின்றார்.

சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு வந்து நின்றார். இடது ஸ்பீக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன். சொல்லாதே என்று தலையை மட்டும் அசைத்தார்.

வெள்ளைக் கம்பியைச் சத்தமில்லாமல் செருகினேன். பன்னிரண்டு அங்குலம் பத்தொன்பது மார்க் வித்தியாசத்தில் ஜெயித்தது.

கிளம்பும்போது அம்மா கேட் வரை வந்தார்.

"அவியளுக்குக் கொஞ்ச நாளாவே இப்படித்தான் தம்பி. இடது காது சின்ன வயசுலயே மோசம். இப்ப வலதும் போயிட்டே இருக்கு. காலிங் பெல் அடிச்சா நான்தான் ஓடுவேன். ஆபீஸ்ல எல்லாரும் 'சாருக்கு மீட்டர் காது'ன்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டாவ. இப்பப் போயி எப்படிச் சொல்ல?"

"பரவால்லமா. எந்தக் கை வெச்சாலும் பாட்டு பாடத்தானே போவுது" என்றேன்.

அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். சார் சொன்னபடி வால் தூக்கிய கனமான கை, நெளிந்த தட்டுகள். ஒவ்வொரு முறை போடும்போதும் ஊசி அம்மாவின் ரெக்கார்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். சுரண்டியது திரும்ப வராது. பஸ்ஸில் வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் மறுநாள் பெங்களூருக்குப் போன் செய்து, ஒன்பது அங்குலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். இது இரண்டாவது தப்பு.

3. பாடுகிற கல், இருமுகிற கல்

மரப் பலகை அந்தக் காற்றில் ஊதிவிடும் என்பதால், பிளேயருக்கு அடியில் கருங்கல் பலகை போடலாம் என்று நான்தான் சொன்னேன். மாமல்லபுரத்தில் தேவராஜ் என்று எனக்குத் தெரிந்த சிற்பி இருந்தார். அவர் பட்டறையில் பாதி முகம் வெளியே வந்த நந்திகளுக்கும், விரல் இன்னும் பிரியாத அம்மன்களுக்கும் நடுவில் எங்கள் பலகை படுத்திருந்தது. பலகையில் கை நிற்பதற்கு ஒரு துளை. தட்டின் மையத்திலிருந்து சின்ன கைக்கு இருநூற்று இருபத்திரண்டு மில்லி, பெரிய கைக்கு இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. இரண்டு துளையும் போட்டால் இடையில் கல் பிளக்கும். ஒன்றுதான் போட முடியும்.

துளை போடும் நாளில் சாரும் அம்மாவும் வந்திருந்தார்கள். சார் ஸ்டீல் ஸ்கேலோடு, அம்மா குடையோடு. நான் இரண்டு கைகளையும் பெட்டியோடு கொண்டுபோயிருந்தேன், அளவு பார்க்க.

"இன்னா அண்ணாத்த, சாமி செய்யற கையால பாட்டுப் பொட்டிக்குப் பலகை அறுக்க வெச்சிட்டியே" என்று தேவராஜ் ஆரம்பித்தார். "சார், நல்லா ரோசன பண்ணிக்கோ. கல்லுல ஒரு தபா ஓட்டை வுட்டா வுட்டதுதான். அப்பால வந்து அட்ஜஸ்ட் பண்ணுன்னா நான் எங்க போவேன்?"

"எல்லாம் மார்க் போட்டு முடிவு பண்ணியாச்சுய்யா" என்றார் சார்.

தேவராஜ் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத்தான் கல் அறுப்பார். உள்ளே முடிப் பிளவு இருந்தால் வெளியே தெரியாது. சிற்பிகள் சுத்தியால் தட்டிக் கேட்டுத்தான் கல்லை எடுப்பார்கள். இரண்டு பலகையையும் கட்டைமேல் தூக்கி வைத்து, சின்னச் சுத்தியால் ஒன்றைத் தட்டினார். நீளமாக, மெல்லிசாக ஒரு நாதம் எழுந்து அடங்கியது. மற்றதைத் தட்டினார். பிறந்த இடத்திலேயே செத்தது.

"எது வேணும் சார்? நீயே சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதானய்யா" என்றார் சார். "ரெண்டும் டொக்குன்னு கேக்குது."

தேவராஜ் சிரித்தார். மறுபடி தட்டினார்.

"இன்னா சார் நீ! இது பாடுது, அது இருமுது. காதுல பஞ்சு கிஞ்சு வெச்சினுகிறியா?"

பக்கத்தில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவரும் சிரித்தார். அம்மா குடைக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். நான் கல்லைப் பார்த்தேன்.

சார் யாரையும் கோபிக்கவில்லை. சுத்தியை வாங்கி அவரே இரண்டையும் தட்டினார். காதைக் கிட்டே கொண்டுபோய்த் தட்டினார். பிறகு திரும்பி நின்றுகொண்டார்.

"நான் பாக்க மாட்டேன். நீரு இஷ்டத்துக்கு ஏதோ ஒண்ணைத் தட்டும். பத்து தடவை. நான் எதுன்னு சொல்லுதேன். முருகேசன், நீரு எழுதும்."

"வேண்டாங்க. வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் அம்மா.

"தட்டும்யா."

தேவராஜுக்குச் சிரிப்பு போய்விட்டது. தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் சார் யோசித்து, முதல் கல், இரண்டாம் கல் என்று நிதானமாகச் சொன்னார். நான் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் எழுதினேன்.

"எத்தனை சரி?"

"அஞ்சு சார்."

"காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் அஞ்சு வந்திருக்கும்" என்றார். திரும்பி, என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான். "உமக்கு முன்னமே தெரியுமா?"

சொன்னேன். வெள்ளைக் கம்பியை, செத்த ஸ்பீக்கரை, எல்லாவற்றையும்.

"வயலின் பக்கத்துல வந்து உக்காந்துருக்குன்னு சொன்னேனே?"

"ஆமா சார்."

"வயலினே இல்லையா?"

"இல்ல சார்."

சார் தரையில் இருந்த சுண்ணாம்புக் கணக்கைக் குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் வாசிச்சாரு" என்றார். அவர் உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, நிற்காமல் போயிற்று. அதன் பிறகுதான் கோபம் வந்தது. சத்தம் போடாத கோபம்.

"மீட்டர் தப்பாக் காட்டும்யா. வயசானா எல்லா மீட்டரும் தப்பாத்தான் காட்டும், அது அதோட குத்தம் இல்ல. தப்பாக் காட்டுதுன்னு பாத்தவன் ஒரு சீட்டு எழுதி அதுமேல ஒட்டணும். எழுதாம வீட்டுக்குப் போறான் பாரும், அவன்தான் குத்தவாளி. எங்க வேலைல அவன மறுநாள் உள்ள விடமாட்டோம்."

 

"நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தியள்" என்றார் அம்மா. "அத எதுக்குக் கலைக்கணும்னுதான். தம்பியத் திட்டாதீங்க, நான்தான் தலையாட்டுனேன்."

"நீ எந்திரிச்சு எந்திரிச்சு அடுக்களைக்குப் போனது அதனாலயா?"

"கையை ஏத்த ஏத்த சத்தம் காதுல ஊசியா குத்திச்சு. வேற எங்க போக?"

"உன் ரெக்கார்டு ராஜம்" என்றார் சார்.

தேவராஜ் தொண்டையைச் செருமினார். "அய்யா, அம்மா, சண்டைய வூட்ல போயி வெச்சிக்கலாம். ட்ரில்லு வாடகை ஓடிகினு கீது. ஓட்டை எங்கன்னு சொல்லுங்க."

சார் சுண்ணாம்புக் கட்டியை என்னிடமிருந்து வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். "நீ சொல்லு. எந்தக் கை?"

அம்மா பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். இரண்டு கைகளையும் அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "இதுல எதை நான் போட்டு எடுக்கலாம் தம்பி?"

எத்தனையோ பேருக்குக் கை பொருத்தியிருக்கிறேன். யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கிராஃப் தாளின் பதினொரு கேள்விகளிலும் இது இல்லை.

"சின்னதும்மா. சைட்ல லீவர் கீது பாருங்க, அத இறக்குனா தானா மெதுவா இறங்கும். பெரிசுல லீவர் கெடையாது, விரலால புடிச்சு இறக்கணும்."

"எனக்கு விரல் நடுங்குது இப்பல்லாம். சின்னதே போதும்." பிறகு, தயங்கி, சாரிடம் சொன்னார். "அன்னைக்கே சின்னதுதான் எனக்குப் பிடிச்சுது. நீங்க ஏத்தச் சொல்றதுக்கு முன்னால இருந்துச்சே, அப்ப. பெரிசுல, தட்டு நெளியற இடம் வரும்போதெல்லாம் பாட்டு தண்ணில முங்கி முங்கி எந்திரிச்சுது."

"அடுக்களைல இருந்தா கேட்டே?"

"அப்பளம் பொரிச்சிட்டு இருந்தேன்."

சார் தலையைத் தலையை ஆட்டினார். "ஏழு ஹெர்ட்ஸ். கால்குலேட்டர் சொன்னத இவ அப்பளத்துக்கு நடுவுல கேட்டுருக்கா."

பிறகு குனிந்தார். கண் அவருக்குக் கழுகுக் கண். பாடுகிற கல்லில் ஸ்கேலை வைத்து, மையத்திலிருந்து இருநூற்று இருபத்திரண்டு மில்லியை மூன்று தடவை அளந்து, ஊசியால் புள்ளி கீறினார். தேவராஜ் ட்ரில்லை இறக்கினார். கல் சூடாகாமல் சார் செம்பிலிருந்து நூல் பிடித்த மாதிரி தண்ணீர் விட்டார். சாம்பல் நிறத்தில் சேறு வழிந்து அவர் வெள்ளைச் செருப்பை நனைத்தது. ட்ரில் ஓய்ந்த பிறகு துளைக்குள் ஒரு விரல் வெளிச்சம் தெரிந்தது.

4. போதும் என்கிற இடம்

மறு வாரம் வீட்டில் பொருத்தினோம். இனி யார் எங்கே உட்காருவது என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. சார் பூதக்கண்ணாடியோடு பிளேயர் முன்னால் மண்டியிட்டார். நடு நாற்காலியில் அம்மா உட்கார்ந்தார், அதன் நுனியில், ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர் போல. ஊசி கோட்டின்மேல் நிற்கிறதா என்று பார்ப்பது சார். உயரம் சொல்வது அம்மா.

"இறக்குங்க."

"எவ்வளவு?"

"கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஆங், போதும்."

போதும் என்ற இடத்தில் நான் திருகை இறுக்கினேன். எத்தனை மில்லி என்று சார் நோட்டில் குறித்துக்கொண்டார். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா லீவரை இறக்கிப் பார்த்தார். எடுத்தார். மறுபடி இறக்கினார். பாட்டு ஆரம்பித்து ஆரம்பித்து நின்றது. அதற்காக யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கடுத்து சார் செங்கல்பட்டுக்கே வந்து காது பரிசோதனை செய்துகொண்டார். அந்தத் தாளை நேராக என் கடைக்குக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். ஸ்பீக்கரின் கிராஃபைப் பார்ப்பது போல விரலால் கோட்டைத் தடவிக்கொண்டு வந்தார். "இங்க இருந்து சரிவு பாத்தீரா? சுத்தமான சரிவு. சத்தமே இல்லாம சரிஞ்சிருக்கு." அதில் அவருக்கு ஒரு தொழில்முறைத் திருப்தி இருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். எடை, நீளம், ஸ்பிரிங் கணக்கு எல்லாம் பெட்டிக்குள் வருகிற தாளிலேயே இருக்கும், படித்துக்கொள்ளலாம். கணக்கும் காதும் வேறு வேறு சொன்னால், எந்தக் காது என்று கேளுங்கள். யார் தட்டு, யார் விரல் என்றும் கேளுங்கள். முக்கியமாக, கம்பி கழன்றதைப் பார்த்தால் அந்த நிமிடமே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நல்ல மனதோடு மறைத்ததும் மறைத்ததுதான். எனக்கு ஒரு கருங்கல் கிடைத்தது, தப்பித்தேன். எல்லா வீட்டுக்கும் பக்கத்தில் தேவராஜ் இருக்க மாட்டார்.

போன மாதம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன்.

"தம்பி, புதுப்பட்டினத்துல இருந்து பேசுதேன். ஊசி மாத்தணும். வலது பக்கம் லேசா கரகரங்குது."

"சார் சொன்னாராம்மா?"

"அவியளுக்கு எங்க கேக்கும்? அவிய தூங்குதாவ" என்றார் ராஜம் அம்மா. "நான்தான் சொல்லுதேன். ரெக்கார்டு என்னோடதுதான?"

பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.